ஆட்டு விந்தணுவுக்குள் அயல் டிஎன்ஏ: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விந்தணுவை அயல் டிஎன்ஏவுடன், அதாவது வேறோர் உயிரியின் டிஎன்ஏவுடன், அரை மணி நேரம் சேர்த்து வைத்தால் அது தானாகவே உள்வாங்கிக்கொள்ளும், விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்று ஆய்வுத் தலைப்பு தரும்போது சொல்வார்கள். சொல்வதில் பொய் இல்லை. உள்ளே போனது என்று மெய்ப்பிப்பதில்தான் காலமும் பணமும் கரைகின்றன. நான் இதைத் தஞ்சைப் பக்கத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில், முன்பின் செய்தவர் யாரும் அருகில் இல்லாமல், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தடுமாறிக் கற்றேன். அதே தலைப்பை வாங்கிக்கொண்டு கும்பகோணத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ தொடங்கப் போகிறவர்கள் அவ்வளவு தடுமாற வேண்டியதில்லை. கறிக்கடையில் கிடைக்கும் வெள்ளாட்டுக் கிடாயின் விரையை வைத்து, குழாய்க்குள் மட்டும் செய்யும் சோதனைக்கான வழிமுறை இது. குட்டி ஈனவைக்கும் வரை போவது வேறு வேலை. அதைக் கடைசியில் தொட்டுக்காட்டுகிறேன்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதுங்கள்

டிஎன்ஏ விந்தணுவின் மேல் ஒட்டுவது ஒன்று, உள்ளே நுழைவது இன்னொன்று, மரபணுத்தொகையில் இணைவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதி எழுதிய ஆய்வு முன்வரைவுகள்தான் பாதி வழியில் நிற்கின்றன. இந்த வழிகாட்டி முதல் இரண்டை மட்டுமே பேசுகிறது. உங்கள் முன்வரைவிலும் "மரபணு மாற்றம்" என்று எழுதாமல் "அயல் டிஎன்ஏவை உள்வாங்குதல்" என்று எழுதுங்கள். அனுமதிக் குழுவில் பாதிக் கேள்விகள் அதிலேயே அடங்கிவிடும்.

வேலை செய்யும் முறையை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்வரும் படிகள் ஒவ்வொன்றும் ஏன் என்று விளங்கும். விந்தணுத் தலையின் பரப்பில், முட்டையைத் துளைக்க உதவும் அக்ரோசோம் என்ற தொப்பிக்குக் கீழே உள்ள பட்டையில், 30 முதல் 35 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள புரதங்கள் டிஎன்ஏவைப் பிடிக்கின்றன. டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் உடையது. பிடிப்பும் மின்னேற்றத்தால் வருவதுதான், ஆகவே டிஎன்ஏவின் எழுத்து வரிசை எதுவாக இருந்தாலும் ஒட்டும். ஒட்டியதில் ஒரு பகுதி மட்டுமே உள்ளே சென்று உட்கருவை அடைகிறது. உட்கருவிலோ சாதாரண உயிரணுவில் இருக்கும் ஹிஸ்டோனுக்குப் பதிலாகப் பெரும்பாலும் புரோட்டமின் என்ற புரதம் டிஎன்ஏவை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விந்துடன் வரும் பாய்மத்தில் இந்த ஒட்டுதலையே தடுக்கும் ஒரு தடைக்காரணி இருக்கிறது. அப்படி ஒரு காவல் இல்லாவிட்டால் வழியில் மிதக்கும் எந்த டிஎன்ஏவும் விந்தணுவில் ஏறிக்கொள்ளும் அல்லவா?

வரலாறு உங்களுக்கு வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் தேவை. 1971இல் முயல் விந்தணு ஒரு வைரஸின் டிஎன்ஏவை ஏற்றதைக் காட்டினார்கள். 1989இல் இத்தாலியில் இம்முறையால் மரபணு மாறிய சுண்டெலிகள் பிறந்ததாக வெளியிட்டார்கள். அதே ஆண்டிலேயே வேறு பல ஆய்வகங்கள் செய்துபார்த்து வரவில்லை என்று எழுதின. அந்தச் சர்ச்சை நினைவில் உள்ள தேர்வாளர் யாராக இருந்தாலும் முடிவு உண்மையா என்று சரிபார்க்கச் சேர்த்து ஓட்டும் உங்கள் கட்டுப்பாட்டுக் குழாய்களைத்தான் முதலில் கேட்பார்.

2. காகிதங்கள்: பிளாஸ்மிட் வாங்குவதற்கு முன்பே

பிளாஸ்மிட் என்பது நாம் செலுத்தப் போகும் மரபணுவைச் சுமக்கும் சிறு வட்ட டிஎன்ஏ. அதுபோல வெவ்வேறு மூலங்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த மறுசேர்க்கை டிஎன்ஏவைக் கையாளும் எந்த வேலைக்கும் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். உங்கள் நிறுவனத்தில் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை நியமித்த ஒருவர் இருப்பார். சிறிய கல்லூரிகளில் இந்தக் குழு இருக்காது, அல்லது பெயரளவில் இருக்கும். இல்லாவிட்டால், குழு உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இணை வழிகாட்டியைப் பிடித்து அங்கே வேலை செய்வதுதான் நேர்மையான வழி. "இது சின்னச் சோதனைதானே, எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேலை முடிந்தபின் முன்தேதியிட்டு அனுமதி தர எந்த ஒழுங்கான குழுவும் ஒப்புக்கொள்ளாது. எனக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் குழு கூடுவதற்கான காத்திருப்பு மட்டுமே. அடுத்த கூட்டம் எப்போது என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று வாரம் முன்பே தாள்களைக் கொடுத்துவிடுங்கள்.

இணைக்க வேண்டியவை: இரண்டு பக்கத் திட்டச் சுருக்கம்; பிளாஸ்மிடின் வரைபடம்; அதை வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியா இனத்தின் பெயர். பிளாஸ்மிட் வேறு ஆய்வகத்திலிருந்து வருமானால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தின் நகல். கழிவை எப்படி அழிப்பீர்கள் என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பைத்தான் எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆட்டோகிளேவ் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், பிளீச்சிங் கரைசல் எவ்வளவு செறிவு, பொறுப்பாளர் யார் என்று நான்கையும் எழுதுங்கள்.

விலங்கு நெறிமுறைக் குழு தனி. உயிருள்ள கிடாயிடமிருந்து விந்து எடுப்பதானால் முறையான விண்ணப்பம் வேண்டும். ஆடு பெரிய விலங்கு என்பதால் நிறுவனக் குழுவோடு முடியாமல் மேலே மத்தியக் குழுவுக்கும் தாள் போகும். இறைச்சிக்காக ஏற்கெனவே அறுத்த ஆட்டின் உறுப்பை மட்டும் பயன்படுத்தினால் அந்தச் சுற்று இல்லை. ஆனால் "அனுமதி தேவையில்லை" என்று வாயால் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். "இந்த ஆய்வுக்காக எந்த விலங்கும் கொல்லப்படவில்லை" என்ற உங்கள் உறுதிமொழியைக் கொடுத்து, குழுவின் விலக்குக் கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை வெளியிடும்போது ஆய்விதழ் கேட்கும் முதல் தாள் அதுதான்.

3. பொருள்களை வரவழைத்தல்

பச்சை ஒளிர் புரத மரபணு உள்ள நாலைந்தாயிரம் கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளப் பிளாஸ்மிட் ஒன்று போதும். சில நூறு இணை மட்டுமே உள்ள துண்டுகளைவிடச் சில ஆயிரம் நீளமுள்ளவை விந்தணுவில் நன்றாக ஏறுகின்றன. ஆகவே பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் முறை) தரும் துண்டைப் போட்டுச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் வெட்டும் நொதியால் பிளாஸ்மிடை நேர்கோடாக்கி, சுத்திகரித்து, ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்) இல்லாத நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைமர், அதாவது பிசிஆர் எந்தப் பகுதியை நகலெடுக்க வேண்டும் என்று காட்டும் குறுந்துண்டுகள், இரண்டு ஜோடி வேண்டும்: பிளாஸ்மிடுக்கு ஒன்று, ஆட்டின் சொந்த மரபணு ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவது இல்லாமல் செய்த பிசிஆரில் பட்டை (நகலெடுத்த டிஎன்ஏ ஜெல்லில் காட்டும் கோடு) வராவிட்டால், பிளாஸ்மிட் இல்லையா, பிரித்தெடுத்த டிஎன்ஏவே இல்லையா என்று சொல்ல முடியாது.

நொதிகள் குளிர்ச்சங்கிலியில் வர வேண்டும். சென்னையில் ஏறும் பெட்டி திருச்சி வந்து, அங்கிருந்து நம் ஊருக்கு வரும். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு முழுக்க ஏதாவது ஒரு கிடங்கில் கிடக்கும். எனக்கு வந்த முதல் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டி அழிக்கும் நொதி) பெட்டியைத் திறந்தபோது ஜெல் பைகள் குளத்துத் தண்ணீர் போல வெதுவெதுப்பாக இருந்தன. ஆகவே திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், பொங்கல் வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் எதையும் வரவழைக்காதீர்கள், பெட்டியைப் பெற்ற உடனே திறந்து நிலைமையைப் படம் எடுத்து அன்றே விற்பனையாளருக்கு அனுப்புங்கள். மறுநாள் அனுப்பிய புகாருக்கு மதிப்பில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நொதிகளை ஒரே உறைபெட்டியில் வைக்காமல் இரண்டு கட்டடங்களில் பிரித்து வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

4. கறிக்கடையில் விரை வாங்குதல்

நெறிமுறை நூல்களில் இந்தப் பகுதி "இறைச்சிக்கூடத்திலிருந்து பெறப்பட்டது" என்ற ஒரே சொற்றொடரில் முடிந்துவிடும். எனக்கு மட்டும் இதற்கே ஆறு வாரம் பிடித்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கி வந்தது சுத்தமாகத் தோல் உரித்த, வெள்ளை வெளேரென்ற இரண்டு விரைகள். நமக்கு வேண்டிய விந்தணு விரையில் இல்லை. விரையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற சுருள்குழலின் அடிப்பகுதியில், விரலால் தொட்டால் கெட்டியான முடிச்சாகத் தட்டுப்படும் வால்முனையில்தான் முதிர்ந்த விந்தணு சேர்ந்திருக்கும். சமைப்பவர்களுக்கு அது வேண்டாத பகுதி என்பதால் கடைக்காரர் உரிக்கும்போதே வெட்டிக் கூடையில் எறிந்துவிடுகிறார். "உரிக்காமல் பையோடு அப்படியே கொடுங்கள்" என்று கேட்டபோது பாய் என்னை மேலும் கீழும் பார்த்து, "மருந்துக்கா பாப்பா?" என்றார். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி விளக்கியபின், "அப்போ ஆறு மணிக்கு முன்னாடியே வந்துடு, கூட்டம் வந்துட்டா என்னால பார்த்துப் பார்த்து அறுக்க முடியாது" என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் தவறவிடவில்லை. ஒரே கடையில் வாங்குங்கள். முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உள்ளன. கறிக்காக வளர்க்கும் கிடாய்களில் பல காயடித்தவை. இளங்கிடாய் என்று விரும்பி வாங்கப்படுபவற்றின் விரை சிறியது. வால்முனையை வெட்டினால் விந்தணுவே இருக்காது. பருவம் அடைந்த, விரை இரண்டும் ஒத்த அளவில் பருத்த கிடாய்தான் வேண்டும். ஒருபக்கம் மட்டும் வீங்கியதையோ, எபிடிடைமிஸில் கட்டி உள்ளதையோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் புரூசெல்லா நோய் அந்த உறுப்பில்தான் தங்கும். வீக்கம் இல்லாததையும் கையுறை, முகக்கவசம் இல்லாமல் வெட்டக் கூடாது. புரட்டாசி மாதத்தில் பெரும்பாலோர் கறி எடுப்பதில்லை. பல கடைகள் மூடியிருக்கும். அந்த மாதத்தைப் பிரைமர் சரிபார்க்கும் வேலைக்கு ஒதுக்குங்கள்.

எடுத்து வரும்போது கிருமிக்கொல்லி சேர்த்த உப்புக்கரைசலில் விரையைப் பையோடு போட்டு, வாயகன்ற பிளாஸ்கில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்வதானால் பனிக்கட்டி வேண்டாம். அதற்கு மேல் ஆகுமென்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி, துண்டு விரித்து, அதன்கீழ் பனிக்கட்டி வைத்து மெல்லக் குளிரவிடுங்கள். பனிக்கட்டி நேராகப் பட்டால் குளிரதிர்ச்சியில் விந்தணுவின் சவ்வு உடைந்துவிடும். உடைந்த சவ்வு பின்னால் 7ஆம் படியில் உங்களைப் பொய் சொல்ல வைக்கும்.

5. விந்தணுவை எடுத்துக் கழுவுதல்

எபிடிடைமிஸிலிருந்து எடுப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு: தடைக்காரணி உள்ள விந்துப் பாய்மம் இன்னும் அதில் கலக்கவில்லை. பீய்ச்சிய விந்தாக இருந்தால் அந்தப் பாய்மத்தை எச்சமில்லாமல் கழுவி எடுப்பதே பெரும்பாடு. அதற்காக எபிடிடைமிஸ் விந்தணுவைக் கழுவாமல் விடலாம் என்று பொருளில்லை. அதன் திரவத்திலும் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் உள்ளன.

வால்முனையின் மேல் உள்ள இரத்தக்குழாய்களைத் தவிர்த்து, பிளேடால் ஆழமில்லாத கீறல்கள் போட்டு, 37 டிகிரியில் உள்ள டைரோடு என்ற உப்புக்கரைசல் ஊடகத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். பால்போலக் கசிந்து வருவது தெரியும். 300 ஜி (புவியீர்ப்பைப்போல் 300 மடங்கு) விசையில் பத்து நிமிடம், இரண்டு முறை சுழற்றிக் கழுவுங்கள். நெறிமுறையில் "ஜி" என்று இருப்பதை உங்கள் கருவியின் "ஆர்பிஎம்" (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று படித்துவிடாதீர்கள். சுழலியின் ஆரத்தை அளந்து கணக்கிட வேண்டும். பிறகு புது ஊடகத்தை மேலே ஊற்றி, குழாயைச் சாய்த்து 45 நிமிடம் வைத்தால், நீந்தத் தெம்புள்ள விந்தணுக்கள் மேலே ஏறி வரும். மேல் அடுக்கை மட்டும் எடுங்கள்.

என்னுடைய மூன்று மாதத்தை விழுங்கிய தவறு இந்த ஊடகத்தில்தான் இருந்தது. கருவுறச் செய்யும் சோதனைக்கான பழைய குறிப்பிலிருந்து ஊடகத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். விந்தணு முட்டையைத் துளைக்கும் திறன் பெறுவதற்காக அதில் ஹெப்பாரின் சேர்த்திருந்தது. ஹெப்பாரினும் டிஎன்ஏ போலவே எதிர்மின்னேற்றம் நிறைந்தது. டிஎன்ஏ போய் உட்கார வேண்டிய புரதத்தில் முதலில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். போதாதென்று பிசிஆரையும் அது கெடுக்கும். உங்கள் ஊடகத்தின் பொருள் பட்டியலில் ஹெப்பாரின் இருந்தால் இந்தச் சோதனைக்கு அதை நீக்கிவிடுங்கள்.

நுண்ணோக்கியில் வால்கள் சுருண்டு தெரிந்தால் ஊடகம் நீர்த்திருக்கிறது என்று பொருள். "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பது குளிர்நாட்டு அறை. கத்திரி வெயிலில் நம் ஆய்வகம் 35 டிகிரிக்கு மேல் இருக்கும். எண்ணைப் போட்டு எழுதாத எந்த வெப்பநிலையையும் நம்பாதீர்கள்.

6. டிஎன்ஏவுடன் சேர்த்து வைத்தல்

நியூபவர் எண்ணறையில் (அணுக்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகடு) எண்ணி, ஒரு மி.லி.க்கு ஒரு கோடி விந்தணு இருக்குமாறு சரிசெய்யுங்கள். பத்து லட்சம் விந்தணுவுக்கு 0.4 மைக்ரோகிராம் டிஎன்ஏ என்பது பன்றியில் பரவலாகப் பயன்படுத்திய அளவு. தொடக்கத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்கள் ஒரு மி.லி.க்கு நான்கு மைக்ரோகிராம். 37 டிகிரியில் முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம்.

கூடுதலாகப் போட்டால் கூடுதலாக ஏறும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அயல் டிஎன்ஏ அளவுக்கு மிஞ்சும்போது விந்தணுவுக்குள் உறங்கிக் கிடக்கும் டிஎன்ஏ வெட்டும் நொதிகள் விழித்துக்கொண்டு, வந்ததை மட்டுமல்லாமல் விந்தணுவின் சொந்தக் குரோமோசோமையும் நறுக்கிவிடும். ஆகவே 0.1, 0.4, 1 என்று மூன்று அளவுகளில் செய்து, ஒவ்வொன்றிலும் அசைவைத் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணி எழுதுங்கள். முடிவில் மேல்திரவத்தில் பத்து மைக்ரோலிட்டரை எடுத்து அகரோஸ் ஜெல்லில் (மின்சாரத்தால் டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்த் தகடு) ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்மிட் கூர்மையான பட்டையாக நிற்காமல் இழுகித் தெரிந்தால், நொதிகளைக் கழுவி எடுக்கவில்லை. 5ஆம் படிக்குத் திரும்புங்கள். பத்து ரூபாய்ச் செலவில் முடியும் இந்தச் சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை.

7. உள்ளேயா, வெளியேயா?

இனி ஒரு கணக்கு. 4,700 இணை நீளமுள்ள பிளாஸ்மிடில் 0.4 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய 7,800 கோடி நகல்கள். அதைப் பத்து லட்சம் விந்தணுவுக்குப் பங்கிட்டால் தலைக்கு 78,000 நகல். நீங்கள் எவ்வளவு கழுவினாலும் பத்தாயிரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால்கூட ஒவ்வொரு விந்தணுவுக்கும் ஏழெட்டு நகல் மிஞ்சும். பிசிஆருக்கு அது விருந்து. எனவே "கழுவினேன், பிசிஆர் செய்தேன், பட்டை வந்தது" என்பது எதையும் மெய்ப்பிப்பதில்லை.

வெளியே ஒட்டியதை அழிக்க டிஎன்ஏஸ் நொதி வேண்டும். அந்த நொதிக்கு மக்னீசியமும் கால்சியமும் தேவை. ஆகவே முதலில் டிஎன்ஏஸ், 37 டிகிரியில் அரை மணி நேரம், அதன் பிறகே ஈடிடிஏ. வரிசையை மாற்றி, ஈடிடிஏ உள்ள கரைசலில் கழுவிவிட்டு டிஎன்ஏஸ் போட்டால் நொதி வேலையே செய்யாது. எல்லாக் குழாயிலும் அழகான பட்டை வரும், நீங்களும் மகிழ்ந்துவிடுவீர்கள்.

ஒவ்வொரு முறையும் கீழ்க்கண்ட குழாய்களைச் சேர்த்தே ஓட்டுங்கள். விந்தணு மட்டும், டிஎன்ஏ இல்லாமல். விந்தணு இல்லாமல் பிளாஸ்மிடும் டிஎன்ஏஸும்: இதில் பட்டை வந்தால் டிஎன்ஏஸ் செத்துவிட்டது. விந்தணுவில் பிளாஸ்மிடைச் சேர்த்த நொடியே டிஎன்ஏஸ் போட்ட "பூச்சிய நிமிடக்" குழாய்: உள்ளே நுழைய நேரமே தராத இதில் பட்டை வரக் கூடாது. பிளாஸ்மிட் காணாத விந்தணுவுக்கும் இதே டிஎன்ஏஸ், ஈடிடிஏ வரிசையைச் செய்து முடித்தபின் கொஞ்சம் பிளாஸ்மிடைச் சேர்த்த குழாய்: இதில் பட்டை வராவிட்டால், எஞ்சிய டிஎன்ஏஸ் அடுத்த கட்டத்தில் விந்தணுவை உடைக்கும்போது உள்ளே இருந்ததையும் தின்றுகொண்டிருக்கிறது. கடைசியாக, உறைகாப்பு எதுவுமின்றி உறையவைத்து உருக்கிக் கொன்ற விந்தணு.

செத்த விந்தணுக் குழாயைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சவ்வு உடைந்த விந்தணு, உயிருள்ளதைவிட அதிகமாக டிஎன்ஏவை உள்ளே விடும். அது கசிவே தவிர, உயிருள்ள அணு உள்வாங்கியது ஆகாது. உங்கள் மாதிரியில் நாற்பது விழுக்காடு செத்திருந்தால் உங்கள் பட்டை யாருடையது? ஆகவே டிஎன்ஏ சேர்ப்பதற்கு முன் இயோசின்–நிக்ரோசின் சாயத்தில் இருநூறு விந்தணுவையாவது எண்ணி, இளஞ்சிவப்பாகத் தெரியும் செத்தவற்றின் விழுக்காட்டைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சாயம் மலிவு, ஐந்து நிமிட வேலை.

பச்சை ஒளி பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு மாலை ஒளிர்வு நுண்ணோக்கியில் விந்தணுக்கள் பச்சையாக மின்னுவதைக் கண்டு, படம் எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பி, அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் டிஎன்ஏ சேர்க்காத குழாயைப் பார்த்தேன். அதுவும் அதே பச்சை. முதிர்ந்த விந்தணு மரபணுவைப் படித்துப் புதுப் புரதம் செய்வதில்லை. பிளாஸ்மிட் உள்ளே போனாலும் அங்கே பச்சைப் புரதம் உருவாகாது. நான் கண்டது அணுவின் இயல்பான மினுக்கம். நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ரோடமின் போன்ற சாயத்தை டிஎன்ஏவிலேயே பிணைத்து, உயிரற்றவற்றைக் காட்டும் வேறு நிறச் சாயத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

8. டிஎன்ஏவைப் பிரித்தல், பிசிஆர்

இரத்தத்துக்கான பிரித்தெடுப்புப் பெட்டியை விந்தணுவில் பயன்படுத்தினால் கிடைப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர். புரோட்டமின்கள் ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்பால் பூட்டிக்கொண்டிருப்பதால் புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ்-கே நொதி மட்டும் அதைத் திறக்காது. அந்தப் பிணைப்பை உடைக்கும் டிடிடி சேர்க்க வேண்டும். டிடிடி இல்லாவிட்டால் மெர்காப்டோஎத்தனால் வேலை செய்யும், ஆனால் அழுகிய முட்டை நாற்றம் பக்கத்து வகுப்பறை வரை போய்ப் புகாராகத் திரும்பி வரும். 56 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தால் திரவம் தெளிந்து பாகாகிவிடும். தெளியாவிட்டால் டிடிடி பழையது.

பிசிஆர் கலவையைப் பிளாஸ்மிட் தொட்ட மேசையில் செய்யாதீர்கள். ஒரே பச்சைப் பிளாஸ்மிடை எல்லா முதுநிலை மாணவர்களும் பயன்படுத்தும் ஆய்வகத்தில் பிப்பெட், கதவுக் கைப்பிடி, கோட்டுப் பை என எங்கும் அது ஒட்டியிருக்கும். வெறும் தண்ணீர்க் குழாயில் பட்டை வந்த நாளன்று அன்றைய முடிவுகள் அனைத்தையும் தூக்கி எறியுங்கள்; "மங்கலாகத்தானே இருக்கிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கலவை செய்ய வேறு துறையின் அறை ஒன்றில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குவதே தீர்வு. நான் தாவரவியல் துறையில் கேட்டேன்.

9. செலவும் காலமும்

என் ரசீதுகளின்படி, ஜிஎஸ்டியும் குளிர்ப்பெட்டிக் கட்டணமும் சேர்த்துத் தோராயமாக: பிளாஸ்மிட் சுத்திகரிப்புப் பெட்டி 20,000 ரூபாய், டிஎன்ஏஸ் 6,000, புரோட்டினேஸ்-கேயும் டிடிடியும் 9,000, பிரைமர் 1,500, பிசிஆர் பொருள்கள் 7,000, ஊடகத்துக்கான வேதிப்பொருள்கள் 5,000. விரை ஜோடி 150 ரூபாய் வீதம் இருபது முறை வாங்கினேன். சாயம் பிணைத்த டிஎன்ஏவுக்கான பெட்டி மட்டும் இவற்றில் பாதித் தொகையை விழுங்கும். அதை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம், பிசிஆர் குழாய்கள் எல்லாம் சொன்னபடி நடக்கத் தொடங்கியபின் வாங்குங்கள். சுத்திகரிப்புப் பெட்டியை இரண்டு மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

அனுமதிக்கு நான்கு மாதம், பொருள் வர இரண்டு மாதம், கறிக்கடையும் கழுவலும் கைவர இரண்டு மாதம், எல்லாக் கட்டுப்பாடுகளும் சேர்த்து மூன்று தனித்தனிக் கிடாய்களில் ஒரே முடிவு வர நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத முதுநிலைத் திட்டத்துக்கு இது ஒத்துவராது.

10. இதற்கு மேல் போவதானால்

உள்வாங்கும் அளவைக் கூட்ட மின்துடிப்பு, கொழுப்புக் குமிழி, விந்தணுவைப் பற்றும் எதிர்ப்பொருளில் டிஎன்ஏவைக் கோத்தல் என்று வழிகள் உள்ளன. விந்தணுவை டிஎன்ஏவுடன் சேர்த்து முட்டைக்குள் ஊசியால் செலுத்துவதும் உண்டு. மின்துடிப்பில் சவ்வு சிதைவது கூடும் என்பதால் செத்த விந்தணுக் குழாய் இன்னும் முக்கியமாகிறது.

கருவுறச் செய்து கருவில் தேடுவதானால், விந்தணுவோடு ஒட்டி வந்த பழைய பிளாஸ்மிடும் கருவுக்குள் நகலெடுத்த பிளாஸ்மிடும் பிசிஆரில் ஒன்றுபோலத் தெரியும். இதைப் பிரிக்க டிபிஎன்-1 என்ற வெட்டு நொதி உதவும்: வழக்கமான ஈ.கோலையில் வளர்ந்த பிளாஸ்மிடின் மெத்தில் குறியை அடையாளம் கண்டு அதை மட்டும் வெட்டும். ஆட்டின் அணுவுக்குள் நகலெடுத்ததில் அந்தக் குறி இருக்காது, ஆகவே வெட்டாது. நகலெடுத்திருப்பதும் இணைந்திருப்பதும் ஒன்றல்ல. இம்முறையில் நுழைந்த டிஎன்ஏ குரோமோசோமில் சேராமல் தனியே மிதந்து, அணுக்கள் பிரியப் பிரியக் காணாமல் போவது அடிக்கடி நடக்கும்.

கரு என்ற சொல் வந்த உடனே பழைய அனுமதி செல்லாது. நிறுவனக் குழுவுக்குப் புதிய விண்ணப்பம் கொடுத்து, இது எந்த வகையில் அடங்கும், மேலே உள்ள மரபணுக் கையாளுதல் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த விண்ணப்பத்தோடு 7ஆம் படியில் சொன்ன எல்லாக் குழாய்களும் ஒரே ஜெல்லில் தெரியும் படத்தை, எதையும் வெட்டி ஒட்டாமல், முழுதாக இணையுங்கள்.